ஐந்து சூளையும் ஒரு மேகமும்

கொடியில் காயும் துணியைப் பார்த்தே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று என் அம்மா சொல்லிவிடுவாள். விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில், லோகோ ஷெட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. நிலக்கரி எஞ்சின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்த காலம். காற்று ஷெட் பக்கமிருந்து வந்தால் அப்பாவின் வெள்ளை வேட்டியில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கரி விழும். "அடியே, காத்து திரும்பிடுச்சு, துணியை எடு" என்று அம்மா உள்ளேயிருந்து கத்துவாள். நான் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடுவேன். ஆக, புகையைக் கவனிப்பது எனக்குச் சின்ன வயதிலேயே பழகிய வேலை. அதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைப்பார்கள் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

புவியியலில் எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எண்பதுகளின் நடுவில் ஒரு மார்ச் மாதம் அந்த வேலை கிடைத்தது. மெட்ராஸில் ஓர் ஆபீஸ், திண்டிவனத்தில் அதற்கு ஒரு வாடகை அறை, ஒரு பழைய ஜீப், ஒரு டிரைவர், மூன்று மாதத் தற்காலிக உதவியாளராக நான். தென்னாற்காடு மாவட்டத்தில் எங்கெங்கே புகை எழுகிறது, எந்த ஊர்மேல் போய்ப் படிகிறது என்பதை வானத்திலிருந்து எடுக்கும் படத்தை வைத்துச் சொல்ல முடியுமா என்று பார்ப்பதுதான் வேலை. வேலையைப் பற்றிச் சொன்னபோது அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். "எம்.ஏ. படிச்சது பொகையை எண்ணுறதுக்கா? கான்வென்ட்டுல டீச்சர் வேலை காலியா இருக்கு, மதர் ரெண்டு தடவை கேட்டுட்டாங்க" என்றாள். எனக்கோ அந்த ஜீப்பைப் பார்த்ததுமே மனசு ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஓர் அமெரிக்கச் செயற்கைக்கோள் பதினாறு நாளைக்கு ஒருமுறை எங்கள் ஊர்களுக்கு மேலே போகும். சொல்லிவைத்த மாதிரி காலை ஒன்பதே முக்காலுக்குப் போகும். விழுப்புரம் பாசஞ்சர்கூட அவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை. அது எடுத்த படம் எங்கெங்கோ சுற்றி, ஒரு மாதம் கழித்துப் பெரிய காகிதப் பிரிண்ட்டாக மெட்ராஸுக்கு வரும். அதில் பயிரெல்லாம் சிவப்பாக இருக்கும், ஏரியெல்லாம் கறுப்பாக இருக்கும். முதன்முதலில் அதை மேஜைமேல் விரித்தபோது நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நான் பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போன ரோடு அதில் நூல் மாதிரிக் கிடந்தது. பிரம்மதேசத்து ஏரி என் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிட்டது.

படத்தில் தெரிவது நிஜமாகவே புகைதானா என்று யாராவது தரையில் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் என் பங்கு. செயற்கைக்கோள் போகிற அதே நிமிஷத்தில் எங்கே என்ன எரிகிறது, புகை எந்த நிறம், எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும்.

மார்ச் முடிவில் ஒரு பிரிண்ட் வந்தது. நான் வேலையில் சேர்வதற்கு முன், பிப்ரவரியில் எடுத்த படம். அதில் பெருமுக்கல் மலைக்குக் கிழக்கே ஒரு வெள்ளைப் பட்டை. மெட்ராஸ் அதிகாரி சிவப்புப் பென்சிலால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, 'மேகம்' என்று எழுதிவைத்திருந்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெருமுக்கல்லுக்குக் கிழக்கே ஏரிக்கரையோரம் ஐந்து செங்கல் சூளைகள் வரிசையாக நிற்கின்றன. பஸ்ஸில் போகும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டியிருக்கிறேன். "சார், அது புகை சார்" என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தாதவர், எதையும் எளிதில் நம்பாதவர். "இவ்வளவு அகலமா ஒரு புகையை நான் பார்த்ததில்லை. நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா அன்னிக்கு அங்கே நின்னு பார்த்தவங்க யாரு?" என்று கேட்டார். யாரும் இல்லை. "புகையை மேகத்திலேருந்து பிரிச்சுச் சொல்ல முடியலைன்னா இந்தப் புகைப் பகுதியையே திட்டத்திலேருந்து எடுத்துட வேண்டியதுதான். மே மாசத்துக்குள்ள ஒரு படம், ஒரே ஒரு படம், சந்தேகமில்லாம காட்டுங்க" என்றார்.

புகைப் பகுதி போனால் நானும் போக வேண்டியதுதான். திட்டத்தின் இன்னொரு பகுதியான பயிர்க் கணக்கெடுப்புக்கு ஏற்கனவே இரண்டு பேர் இருந்தார்கள். கான்வென்ட்டில் கரும்பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு நிற்கிற என்னை நினைத்துப் பார்த்தேன். அந்த வேலையைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் வானத்திலிருந்து ஏரியைப் பார்த்துவிட்டவளுக்கு வகுப்பறை ஜன்னல் எப்படிப் போதும்?

ஏப்ரலில் செயற்கைக்கோள் வந்த வியாழக்கிழமை பார்த்துக் கோடை மழை. வானம் முழுக்க மூடிக்கொண்டது. அன்று நிஜமாகவே மேகம்தான், அதில் எனக்கும் அதிகாரிக்கும் கருத்து வேற்றுமை இல்லை. படம் வந்துசேர ஒரு மாதம் ஆகும் என்பதால், எனக்கு மிஞ்சியது பதினாறு நாள் கழித்து வரும் அடுத்த முறை மட்டும்தான். ஒரே ஒரு காலை.

"கவலப்படாதீங்க மேடம், சூளைக்காரங்கள பார்த்து சொல்லிட்டா போவுது" என்றார் டிரைவர் அண்ணன். திண்டிவனத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மலை சரிந்தாலும் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே நிற்கக்கூடிய ஆள். ஜீப்பை நேராக ஏரிக்கரைக்கு விட்டார்.

ஐந்தில் மூன்று சூளைகள் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். அவற்றை ஆண்டுகொண்டிருந்தவள் ஓர் அக்கா. நாற்பது வயதிருக்கும். இடுப்பில் சொருகிய சேலை, முழங்கை வரைக்கும் செம்மண், ஏரியின் அந்தக் கரைக்குக் கேட்கிற குரல். மற்ற இரண்டும் வேறொரு குடும்பத்துக்கு. அந்தச் சூளைகள் ஏற்கனவே எரிந்துகொண்டிருந்தன. அக்காவின் மூன்றிலும் சுடாத பச்சைக் கல் அடுக்கித் தயாராக இருந்தது, நெருப்பு மட்டும் வைக்கவில்லை.

"அக்கா, வர்ற சனிக்கிழமை காலையில ஒன்பதரைக்கு நெருப்பு வைக்க முடியுமா?" என்று கேட்டேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சனிக்கெழமை ஒம்பதரைக்கா? யம்மா, உனுக்கு வெவரம் தெரிஞ்சிதான் பேசறியா? ஒம்பதுலேருந்து பத்தரை ராகு காலம்! அந்த நேரத்துல சூளைக்கு நெருப்பு வெச்சா கல்லு அத்தினியும் கருகிப் பூடும்!"

எங்கள் வீட்டில் ராகு காலம் பார்ப்பதில்லை, மாதா கோயில் மணிதான். அதனால் அந்தக் கணக்கு என் தலையில் ஏறியதே இல்லை. டிரைவர் அண்ணன் வாயிலிருந்த வெற்றிலை சிதறச் சிரித்தார். "அமெரிக்காக்காரன் பஞ்சாங்கம் பாக்காம வுட்டுட்டான் மேடம்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். அவள் யோசித்தாள். பிறகு அவளே வழி சொன்னாள். "வியாழக்கெழமை காத்தால நல்ல நேரம் பாத்து வெச்சிடறேன். நாலு நாள் எரியும். சனிக்கெழமை பொகை சும்மா குபுகுபுன்னு போவும். போதுமா?"

போதுமா என்றா கேட்பது! அத்தோடு நான் கிளம்பியிருக்க வேண்டும். அங்கேதான் புத்தி கெட்டுப்போய் வாயைக் கொடுத்தேன். எதுக்கு இதெல்லாம் என்று அக்கா கேட்டாள். செயற்கைக்கோளை எப்படி விளக்குவது என்று தெரியாமல், "வானத்துலேருந்து போட்டோ புடிக்கப் போறாங்க அக்கா" என்றேன்.

"போட்டோவா?" அக்கா முகத்திலிருந்த செம்மண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "எங்க எடத்தையா? எல்லாம் தெரியுமா?"

"எல்லாம் தெரியும்" என்றேன். காரியம் ஆக வேண்டும் என்கிற அவசரம். மனிதர்கள் தெரிய மாட்டார்கள், அந்தப் படத்தில் ஒரு வீடே ஒரு புள்ளிதான் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. பக்கத்து இரண்டு சூளைக்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அக்கா தலையை ஒரு மாதிரி ஆட்டினாள். அது சரி என்பதா, போ என்பதா என்று நான் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் நானும் டிரைவர் அண்ணனும் பெருமுக்கல் மலை ஏறினோம். உச்சியிலிருக்கிற கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில் நின்றால் கிழக்கே சூளைகள் வரைக்கும் மறைப்பே இல்லை. என்னிடம் திசைகாட்டி, பைனாகுலர், நோட்டு, அப்பாவின் ரயில்வே கடிகாரம். அண்ணனிடம் குடை, உரித்துத் தின்ன ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டை. வானம் கழுவி வைத்த பாத்திரம் மாதிரி சுத்தமாக இருந்தது. எனக்குப் பாட வேண்டும் போலிருந்தது. எட்டு மணிக்கு ஐந்து சூளையிலும் புகை எழுந்ததைப் பார்த்து, "அண்ணா, ஜெயிச்சோம்!" என்றேன்.

எட்டே முக்காலுக்கு அக்காவின் மூன்றிலும் புகை மெலிந்தது. விறகு தள்ளப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஒன்பது மணிக்கு இன்னும் மெலிந்தது. ஒன்பதே காலுக்கு அறவே நின்றுவிட்டது. பைனாகுலரில் பார்த்தேன். ஆட்கள் சூளையின் வாய்களைச் செங்கல்லால் அடைத்துச் சேறு பூசிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ! அடைக்கிறாங்க அண்ணா! வாயை அடைக்கிறாங்க!"

"ராகு காலம்ல, எதாவது சாஸ்திரம் இருக்குமா?" என்றார் அவரும் குழம்பிப் போய்.

நான் பாறை விளிம்பில் நின்று கத்தினேன். இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருப்பவர்களுக்குக் கேட்குமா? குரங்குகள்தான் ஓடின. இறங்கி ஜீப்பில் போய்ச்சேர முக்கால் மணி நேரமாவது ஆகும். மணி ஒன்பது இருபத்தைந்து. ஒன்றும் செய்வதற்கில்லை.

மறுபடியும் பைனாகுலரை எடுத்தேன். அப்போது பார்த்த காட்சியை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அடைத்த சூளைகளுக்கு முன்னால் முப்பது பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். ஆண்கள் சலவை வேட்டியில், பெண்கள் தலை நிறையப் பூவோடு. நடுவில் கிளிப்பச்சைப் பட்டுச் சேலையில் அக்கா. சூளைமேல் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். ஒருவர் கல் வண்டி மாட்டைக்கூடக் குளிப்பாட்டிக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்தியிருந்தார். எல்லோரும் ஆடாமல் அசையாமல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போட்டோவுக்குத்தான். புகை அடித்தால் மூஞ்சி தெரியாதே என்று சூளையை அடைத்துவிட்டிருந்தார்கள்!

டிரைவர் அண்ணன் பைனாகுலரை வாங்கிப் பார்த்துவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்தே விட்டார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. பாதி அழுகையில் எனக்கும் சிரிப்பு வந்து, எது எது என்று தெரியாமல் மூக்கைச் சிந்தினேன். ஒன்பதே முக்கால் ஆனது. மேலே என்னவோ சத்தமில்லாமல் போய்விட்டது.

பக்கத்து இரண்டு சூளைகளிலிருந்து மட்டும் புகை போய்க்கொண்டிருந்தது. அங்கே யாரும் வரிசையில் நிற்கவில்லை, அழுக்குத் துணியோடு விறகு தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"அஞ்சும் எரிஞ்சிச்சின்னு எழுதிடுங்க மேடம், மெட்ராஸ்ல யாருக்குத் தெரியப் போவுது" என்றார் அண்ணன், என்மேல் உள்ள இரக்கத்தில். எனக்கு வந்த ஆத்திரத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதினேன். முதல் மூன்று சூளை மூடப்பட்டது, புகை இல்லை. நான்காவது, ஐந்தாவது எரிகிறது, வெண்சாம்பல் நிறம், வடகிழக்காகச் சாய்கிறது. பென்சில் முனை உடைகிற அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தேன். நேர்மை என்றெல்லாம் பெரிய வார்த்தை சொல்ல மாட்டேன், அது வெறும் கோபம்.

ஜீப்பில் போய் இறங்கியதும் அக்கா ஓடிவந்தாள். வெயிலில் முகம் ஜொலித்தது. "போட்டோ வுயுந்துச்சா? நல்லா வுயுந்துச்சா? மூணு நாளா பசங்கள்லாம் தூங்கலை!"

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க!" என்று கத்திவிட்டேன். "புகையை ஏன் நிறுத்தினீங்க? போட்டோவே புகைக்குத்தானே!"

அக்காவுக்குப் புரியவில்லை. "பொகையவா போட்டோ புடிக்கறாங்க? அதைப் புடிச்சி இன்னாம்மா பண்ணுவாங்க?" பிறகு என் கண்ணைப் பார்த்தாள். குரலை இறக்கி, "அழுதுக்கினு இருந்தியா? இன்னா ஆச்சி?" என்று கேட்டாள்.

சொன்னேன். இந்த ஒரு காலைதான் இருந்தது, இது போனால் என் வேலை போய்விடும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அக்கா பட்டுச் சேலையோடு செம்மண் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இத்த மொதல்லியே சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள். திட்டவில்லை, நிஜமாகவே வருத்தத்தில் கேட்டாள். அவள் கேட்டது நியாயம்.

"பக்கத்துக்காரங்க மட்டும் ஏன் நிறுத்தலை?" என்று கேட்டேன்.

"நான் சொல்லலை. அந்தச் சூளைக்காரிகூட எனுக்குப் பேச்சு கெடையாது, ரெண்டு வருசமாச்சி. அவ சூளைப் பொகை அத்தினியும் எங்க தெருவுலதான் எறங்குது. துணி காயப்போட முடியலை, கொழந்தைங்களுக்கு இருமலு. கேட்டா, 'உன் பொகைதான் உன் தெருவுக்கு வருது, என்னுது ஏரிக்குப் போவுது'ன்றா. பேஜாரு புடிச்சவ."

கேப்பைக் கூழைக் கரைத்து, மாங்காய் ஊறுகாயோடு சொம்பில் கொடுத்தாள். வேலை போகிற துக்கத்திலும் இரண்டு சொம்பு குடித்தேன்.

அதன் பிறகு பிரிண்ட்டுக்காக ஒரு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. கான்வென்ட்டுக்கு விண்ணப்பம் எழுதி அம்மா கையில் கொடுத்துவிட்டேன். அவள் அதைச் சந்தோஷமாக மாதா படத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள்.

என் வேலை முடிய நான்கு நாள் இருந்தபோது பிரிண்ட் வந்துவிட்டது என்று தகவல் வந்தது. மெட்ராஸுக்குப் போனேன். அதிகாரி மேஜைமேல் படத்தை விரித்திருந்தார். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. "இங்கே வாங்க" என்று கூப்பிட்டு லென்ஸை என் கையில் கொடுத்தார்.

பெருமுக்கல் மலை. கிழக்கே ஏரி. ஏரிக்கரையில் இரண்டு சின்ன வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு மெல்லிய வால் கிளம்பி, வடகிழக்காகச் சாய்ந்து, போகப் போக விரிந்து கரைந்திருந்தது. பக்கத்துப் பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல், ஊதுபத்தி இரண்டைக் கொளுத்திச் செருகிவைத்ததுபோல.

நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். நான்காவது, ஐந்தாவது, வடகிழக்கு. அவர் வரைபடத்தை வைத்து அளந்தார், நோட்டைப் பார்த்தார், மறுபடியும் அளந்தார். "சூளை அஞ்சுன்னு சொன்னீங்க. மூணு ஏன் இல்லை?"

"அவங்க போட்டோவுக்கு நின்னுக்கிட்டிருந்தாங்க சார்."

நடந்ததையெல்லாம் சொன்னேன். கிளிப்பச்சைப் பட்டு, தோரணம், மாடு எதையும் விடவில்லை. அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்று கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தார். பிறகு பிப்ரவரிப் படத்தை எடுத்து இந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "இது அஞ்சு வாலும் ஒண்ணாச் சேர்ந்த பட்டை. அதான் இவ்வளவு அகலம். நீங்க மலையில நின்ன அன்னிக்கும் அஞ்சு சூளையும் எரிஞ்சிருந்தா இந்தப் புதுப் படத்தையும் பார்த்து நான் மேகம்னுதான் எழுதியிருப்பேன்" என்றார்.

சிவப்புப் பென்சிலை எடுத்து, பிப்ரவரிப் படத்தில் 'மேகம்' என்பதை அடித்துவிட்டு 'புகை' என்று எழுதினார். எனக்கு இன்னும் ஒரு வருஷம் வேலை நீட்டிப்புக் கிடைத்தது. பாரிமுனையில் பஸ் ஏறும்போது கண்டக்டர் "எங்கம்மா?" என்று கேட்டார், நான் "பெருமுக்கல்" என்று சொல்லி, அவர் முறைத்த பிறகுதான் திண்டிவனம் என்று திருத்தினேன்.

மறுநாளே படத்தின் நகல் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து, செங்கல் அடுக்கின்மேல் அதை விரித்தாள். "எங்க நானு?"

"தெரியமாட்டீங்க அக்கா. அன்னிக்கு நான் சொன்னது பொய்."

"பட்டுப் பொடவை?"

"அதுவும் தெரியாது."

அக்கா படத்தைக் கிட்டே இழுத்தாள். பிறகு அந்த இரண்டு வால்களைத் தொட்டுக் காட்டி, "இது இன்னா?" என்றாள். பக்கத்துச் சூளைகளின் புகை என்றேன். "பாத்தியா அநியாயத்த! குளிச்சி முயுகிப் பூ வெச்சிக்கினு நின்னவங்கள காணோம். அழுக்குத் துணியோட நின்னவ வுயுந்துகீறா!"

அவளைச் சமாதானப்படுத்த, இந்த இடம் ஏரி, இது ரோடு, இது உங்கள் தெரு என்று விரல் வைத்துக் காட்டிக்கொண்டே போனேன். பாதியில் என் விரல் நின்றது. அக்காவும் குனிந்து பார்த்தாள். இரண்டு வால்களும் ஏரிப் பக்கம் போகவே இல்லை, நேராக அக்காவின் தெருமேல் போய் விரிந்திருந்தன. அன்று அக்காவின் சூளைகளில் சொட்டுப் புகை இல்லை என்பதற்கு என் நோட்டே சாட்சி.

"யம்மாடி!" என்று ஒரு கூச்சல் போட்டாள் அக்கா. படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விடுவிடுவென்று பக்கத்துச் சூளைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். இரண்டு வருஷம் பேசாதவர்கள் அன்று பேசினார்கள். என்ன பேச்சு! ஏரியிலிருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. பக்கத்துக்காரி படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள், நேராகப் பிடித்துப் பார்த்தாள், என்னைக் கேட்டாள். நானும் உள்ளதைச் சொன்னேன். "பிப்ரவரிப் படத்துல உங்க அஞ்சு சூளைப் புகையும் சேர்ந்து உங்க ரெண்டு பேர் தெரு மேலயும்தான் படிஞ்சிருக்கு" என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இருவரும் ஒரே நேரத்தில் என்னை முறைத்தார்கள். பிறகு பக்கத்துக்காரி வாயைப் பொத்திக்கொண்டு, "அது போவட்டும், பட்டுப் பொடவை கட்டிக்கினு வானத்தப் பாத்துக்கினு நின்னியாமே?" என்று அக்காவைக் கேட்டாள். அக்கா அவளை அடிக்கக் கையை ஓங்கி, ஓங்கிய கையோடு சிரித்துவிட்டாள். அடுத்த வருஷத்திலிருந்து காற்றைப் பார்த்து முறை வைத்து எரிப்பது, தெருப் பக்கம் காற்றடித்தால் விறகைக் குறைப்பது என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். அதில் எனக்குப் பங்கு ஒன்றும் இல்லை, படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

அடுத்த பிப்ரவரியில் மறுபடியும் மலைமேல் நின்றேன். இந்த முறை ராகு காலம் இல்லாத நாள், காற்று ஏரிப் பக்கம். ஒன்பதரைக்கு ஐந்து சூளையிலும் ஒன்றாகப் புகை கிளம்பியது. சாதாரணப் புகை இல்லை. பச்சைத் தழையையும் ஈர வைக்கோலையும் அள்ளிப் போட்டிருந்தார்கள். அது எழுந்து, உருண்டு, ஏரியை மூடி, காற்று ஒரு நொடி திரும்பியதும் எங்கள் மலையையும் மூடிவிட்டது. நானும் டிரைவர் அண்ணனும் இருமி இருமிக் கண்ணீர் விட்டோம். புகை விலகிய ஒரு நொடியில் பைனாகுலரில் இரண்டு பட்டுச் சேலைகள் தெரிந்தன. கிளிப்பச்சை ஒன்று, அரக்கு ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் நின்று மலையைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். என் வேலை இனி எந்தக் காலத்திலும் போகக்கூடாது என்று முறை வைப்பதையெல்லாம் அன்று ஒரு நாள் தள்ளிவைத்திருந்தார்கள்.

பிரிண்ட் வந்தது. ஏரி இல்லை, சூளை இல்லை, பெருமுக்கல் மலைகூட இல்லை. வெள்ளையாக ஒரு பெரிய பொதி. அதைச் சுற்றி அதிகாரி சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, 'மேகம்' என்று எழுதியிருந்தார்.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவர் பென்சிலையே வாங்கி, அதற்குக் கீழே எழுதினேன்: 'மேகம் இல்லை சார். அக்கா.'